ஃபார்மட் போடும் முன்னே ஒரு நோட்டுப் போடுவோம்!



ஆண்டு மலருக்கு ஒரு கவிதை தா என்று பேரவை நண்பர்கள் கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. ஒன்றரை மாதமாக என் உயிரை வாங்கிய ஒரு கம்ப்யூட்டரைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுடா, ஆனா ரிப்பேர் பண்ற விதம் மட்டும் எழுதாதே, ஏதாவது கருத்தும் சொல்லு" என்றார்கள். கருத்து இருக்கிறது. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

நம் பக்கத்தில் கம்ப்யூட்டருக்கு ஒரே வைத்தியம்தான் உண்டு. மெதுவாக ஓடுகிறதா? ஃபார்மட் போடு. நடுவில் நின்று போகிறதா? ஃபார்மட் போடு. தானாக அணைந்து எரிகிறதா? அதற்கும் ஃபார்மட் போடு! காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற டாக்டரை நாம் நம்புவோமா? கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் நம்புகிறோம். டிப்ளமோ படிக்கிற நாமே நம்புகிறோம் என்பதுதான் வேதனை.

இந்த வைத்தியம் தவறு என்பது என் கட்சி. ஃபார்மட் பல நேரம் பழுதை நீக்குவதில்லை. பழுது எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடிய சாட்சியைத்தான் அது நீக்குகிறது. என் சொந்த அனுபவத்தை வைத்தே இதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக் கதை

திருவேங்கடத்தில் எங்கள் வீடு. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். அப்பாவுக்கு லாரியில் லோடு ஏற்றுகிற வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். இரண்டாம் ஆண்டு ஆரம்பத்தில், ஏதோ ஒரு அலுவலகத்தில் ஓடிக் கழித்த கம்ப்யூட்டர் ஒன்றை டவுனில் ஒரு கடையிலிருந்து 9,500 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பணம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அம்மா இருக்கிற மகளிர் குழுவில் எடுத்த கடன் அது.

முதல் இரண்டு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் ஆரம்பித்தது வினை. டைப் அடித்துக்கொண்டு இருக்கும்போதே அப்படியே உறைந்து நிற்கும். மவுஸ் நகராது. சில சமயம் பட்டென்று அணைந்து தானாக எரியும். எப்போது நிற்கும், எதற்காக நிற்கும் என்று அதற்கே தெரியாது என்றுதான் நினைத்தேன். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "வைரஸ் தம்பி, ஃபார்மட் போடணும்" என்றார் கடைக்கார அண்ணாச்சி. 500 ரூபாய். நாலு நாள் ஒழுங்காக ஓடியது. அஞ்சாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி! மறுபடியும் கடை, மறுபடியும் ஃபார்மட், மறுபடியும் 500 ரூபாய். இப்படி மூன்று முறை!

இரண்டாவது முறை போட்ட ஃபார்மட்டில்தான் பெரிய அடி. அம்மாவின் மகளிர் குழுவில் 14 பேர். அவர்களுடைய சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கு எல்லாவற்றையும் நான் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தேன். "எம் மகன் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டான், இனிமே நோட்டே வேண்டாம்" என்று அம்மா குழுவில் பெருமையாகச் சொல்லியிருந்தார். அந்த ஃபைலை நான் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தேன். டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில். ஃபார்மட் போட்டதும் எல்லாம் போச்சு. வேறு எங்கும் நகல் எடுத்து வைக்காதது என் தப்புதான், மறுக்கவில்லை. நல்ல வேளை, குழுத் தலைவி அத்தை மட்டும் என் கம்ப்யூட்டரை நம்பாமல் பழைய நோட்டிலும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். அந்த நோட்டு இல்லையென்றால் 14 குடும்பத்துக்கும் நாங்கள் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றைக்கு அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்பாதான் சொன்னார்: "ஏலே, காசு குடுத்து வாங்குன பொருளை இப்படி நோண்டி நோண்டிக் கெடுத்துட்டியே!" நான் கெடுக்கவில்லை என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகளுக்கு இது புரியும். வீட்டில் ஒரு மெஷின் கெட்டுப் போனால் மெஷின் மீது யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதைத் தொட்டவன் மீதுதான் சந்தேகம்!

ஆச்சி எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து மானிட்டர் மேலே தொங்கவிட்டது. கண் திருஷ்டியாம். நான் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், காரணம் தெரியாமல் மூன்று முறை ஃபார்மட் போட்ட எனக்கும் ஆச்சிக்கும் என்ன வித்தியாசம்? ஆச்சியின் வைத்தியத்தில் செலவு 10 ரூபாய். ஃபைலும் அழியாது!

எப்படி நின்றது என்று கேட்டவர்

எங்கள் லேபில் சார் ஒருவரிடம் புலம்பினேன். "சார், நெனச்ச நேரத்துல நின்னுடுது." அவர் கேட்டார்: "நின்னுச்சுன்னு சொல்லாதே தம்பி, எப்படி நின்னுச்சுன்னு சொல்லு. எத்தனை மணிக்கு நின்னுச்சு? அப்ப வீட்ல வேற என்ன ஓடுச்சு?" எனக்குப் பதில் தெரியவில்லை. "தெரியலைன்னா எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கினேன். தேதி, நேரம், என்ன ஆனது, திரையில் என்ன திறந்திருந்தது, வீட்டில் என்ன ஓடியது என்று ஐந்து கட்டம் போட்டேன். 21 நாள் எழுதினேன். வேறு எதையும் தொடவில்லை.

மொத்தம் 26 முறை தகராறு. எழுதிப் பார்த்ததும் முதல் உண்மை பளிச்சென்று தெரிந்தது. நான் ‘ஹேங்’ என்று ஒரே பெயர் வைத்திருந்தது ஒரு நோய் அல்ல, இரண்டு நோய்! 15 முறை பட்டென்று அணைந்து தானாக எரிந்திருக்கிறது. 11 முறை அரை நிமிடம், ஒரு நிமிடம் உறைந்து நின்று, பிறகு ஒன்றும் நடக்காதது போல் ஓடியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் எதைச் செய்தாலும் சரியாகாதது போல் இருந்தது. ஒன்றைச் சரி செய்திருந்தாலும் மற்றது வந்து கழுத்தைப் பிடித்திருக்கும்.

இரண்டாவது உண்மை: அணைந்து எரிந்த 15 முறையில் 13 முறை சாயங்காலம் 6 மணிக்கும் 9 மணிக்கும் நடுவில். அதில் 9 முறை, அம்மா தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்து கிரைண்டரில் மாவாட்ட ஸ்விட்ச் போட்ட நேரம்!

அம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். "ஏய்யா, நான் மாவாட்டுனதாலயா கெட்டுச்சு?" என்று பதறினார். இல்லம்மா, குற்றவாளி கிரைண்டர் இல்லை என்றேன். அப்படியானால் யார்?

முதல் நோய்: 20 மில்லி செகண்டு விவகாரம்

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்டு. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். அதை 12, 5, 3.3 வோல்ட் நேர் மின்சாரமாக மாற்றிக் கொடுக்கிறது. உள்ளே ஒரு பெரிய கெபாசிட்டர் இருக்கும். வெளியே மின்சாரம் கண் சிமிட்டினால் அந்தக் கெபாசிட்டரில் சேர்ந்திருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். சுமார் 16, 17 மில்லி செகண்டு தாங்க வேண்டும் என்பது விதி. கெபாசிட்டர் பழசாகி வறண்டு போனால் அந்தத் தாக்குப் பிடிக்கும் நேரம் குறைந்துவிடும்.

கிரைண்டர் மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அந்த ஒரு கணம் வோல்டேஜ் சரியும். ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். லைட் லேசாகக் கூட மங்காது. கம்ப்யூட்டர் மட்டும் செத்துப் பிழைக்கும்! எலக்ட்ரிகல் படிக்கும் நண்பன் ஒருவன் மீட்டர் கொண்டு வந்து அளந்தான். நள்ளிரவில் 231 வோல்ட், சாயங்காலம் 205. கெபாசிட்டரில் சேரும் ஆற்றல் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று நாம் முதலாண்டில் படித்தோமே, அதைப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் இருந்தது போன்ற சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 231-இல் சேர்வதைவிட 205-இல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஏற்கெனவே வறண்ட கெபாசிட்டர், அதிலும் சாயங்காலம் அரை வயிற்றுக் கஞ்சி. கிரைண்டர் ஒரு தட்டு தட்டியதும் விழுந்துவிட்டது.

இது ஊகம்தானே என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். முதலில், பழுது வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி விண்டோஸில் ஒரு ஏற்பாடு இருக்கிறது, அதை எடுத்துவிட்டேன். நோய் சாஃப்ட்வேரில் இருந்தால் நீலத் திரை வந்து நிற்க வேண்டும். வரவில்லை, நேராக அணைந்தது. ராத்திரி முழுக்க மெமரி டெஸ்ட் ஓட விட்டேன். ஒரு பிழைகூட இல்லை. பிறகு நண்பனிடம் ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். கடன் வாங்கி மாட்டினேன். ஒரு வாரம் ஒருமுறைகூட அணையவில்லை. அப்புறம் பழையதையே மறுபடி மாட்டினேன். அப்பா, "சரியானதை ஏண்டா மறுபடி கெடுக்கிற?" என்றார். அன்றைக்கு ராத்திரியே அணைந்தது! அப்போதுதான் நம்பினேன். மாற்றிப் பார்த்துச் சரியானால் பாதி நிரூபணம். திருப்பி மாட்டிப் பழுதும் திரும்பி வந்தால்தான் முழு நிரூபணம்.

கடையில் வைத்திருந்தபோது ஏன் ஒருமுறைகூட அணையவில்லை? அங்கே யு.பி.எஸ். இருக்கிறது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப் போகிற கதைதான்.

(ஒரு எச்சரிக்கை நண்பர்களே! எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். பெட்டியோடு மாற்றுங்கள், போதும்.)

இரண்டாம் நோய்: நூறு ரூபாய் கேபிள்

உறைந்து நின்ற 11 முறைக்கு நேரக் கணக்கு ஒன்றும் ஒத்துவரவில்லை. இங்கே எனக்கு உதவியது இன்னொரு நோட்டு. நாம் எழுதாவிட்டாலும் கம்ப்யூட்டர் தனக்கென்று ஒரு டைரி எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. விண்டோஸில் அதற்கு ஈவன்ட் வியூவர் என்று பெயர். தானாக அணைந்த ஒவ்வொரு முறையும் அதில் ‘கெர்னல் பவர் 41’ என்று ஒரு வரி விழுந்திருந்தது. முறையாக மூடாமல் அணைந்தது என்பதுதான் அதற்கு அர்த்தம். ஏன் என்று அது சொல்லாது. உறைந்து நின்ற நேரங்களிலோ ஹார்டு டிஸ்கிலிருந்து பதில் வரவில்லை, மறுபடி கேட்டேன் என்ற பொருளில் எச்சரிக்கைகள்.

ஹார்டு டிஸ்க்கும் தன் உடம்பைப் பற்றிக் கணக்கு வைத்திருக்கிறது. ஸ்மார்ட் என்று சொல்வார்கள். அதில் 5-ஆம் எண் கணக்கு, கெட்டுப் போய் மாற்றி வைத்த இடங்களின் எண்ணிக்கை. எங்களுடையதில் பூஜ்யம். டிஸ்க் நல்லது! 199-ஆம் எண் கணக்கு, டிஸ்கிற்கும் போர்டுக்கும் நடுவே தகவல் போகும்போது சிதைந்த எண்ணிக்கை. அது நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே இருந்தது. அப்படியானால் சந்தேகம் கேபிள் மேல்தான். புது கேபிள் 100 ரூபாய். மாற்றினேன். எண்ணிக்கை அப்படியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஒருமுறைகூட உறையவில்லை.

இப்போது ஃபார்மட்டின் ரகசியமும் புரிந்தது. ஒவ்வொரு முறையும் கடையில் பெட்டியைத் திறந்து, கேபிளைப் பிடுங்கி மாட்டியிருக்கிறார்கள். அது இறுகி உட்கார்ந்ததால்தான் நாலு நாள் நன்றாக ஓடியது. நானோ ஃபார்மட் வேலை செய்தது என்று நம்பி ஏமாந்தேன். அதைவிடக் கொடுமை, காரணத்தைச் சொல்லக்கூடிய அந்த டைரியையும் ஒவ்வொரு ஃபார்மட்டிலும் நானே காசு கொடுத்து அழித்திருக்கிறேன்!

கணக்கைப் பாருங்கள். ஃபார்மட் மூன்றுக்கு 1,500 ரூபாய், பலன் பூஜ்யம். எஸ்.எம்.பி.எஸ். 900, கேபிள் 100, நோட்டு 25. ஆக மொத்தம் 1,025 ரூபாயில் வேலை முடிந்தது.

உலகமும் நோட்டும்

இது ஏதோ திருவேங்கடத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டரில் ‘பக்’ என்ற சொல்லைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் ஒரு விட்டில் பூச்சியைப் பற்றிச் சொல்வார்கள். 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், மார்க் 2 என்ற ராட்சதக் கணிப்பொறியின் ரிலே ஒன்றில் ஒரு பூச்சி மாட்டிக்கொண்டு இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். எல்லோரும் பூச்சியைப் பற்றியே பேசுகிறார்கள். நான் கவனித்தது வேறு. அந்தப் பூச்சியை அவர்கள் தூக்கி எறியவில்லை. பதிவு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, மாலை 3.45 மணி, எத்தனையாவது ரிலே, எந்தப் பேனல் என்று எழுதி வைத்தார்கள். அந்த நோட்டு இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூச்சி என்ன பெரிய பூச்சி, நம் ஊரில் சி.பி.யு.வைத் திறந்தால் பல்லியே கிடக்கும்! நம்மிடம் இல்லாதது அந்த நோட்டுதான்.

1994-இல் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் பகா எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பென்டியம் கம்ப்யூட்டர் ஒன்று சேர்ந்த பிறகு விடை ஒத்துவரவில்லை. அவரும் முதலில் தன் புரோகிராமைத்தான் சந்தேகப்பட்டார். ஜூன் மாதத்திலிருந்து அக்டோபர் வரை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, கடைசியில் சிப்பின் வகுத்தல் பகுதியிலேயே பிழை என்று கண்டுபிடித்தார். இன்டெல் நிறுவனம் சிப்புகளை மாற்றித் தர ஒத்துக்கொண்டு, அதற்காக 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. ஒரு தனி மனிதர், பொறுமையாக விலக்கி விலக்கிப் பார்த்ததால் நடந்தது இது.

அண்மையில் 2024 ஜூலை 19 நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான ஃபைலால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த 85 லட்சத்தையும் ஃபார்மட் போட்டா எழுப்பினார்கள்? சேஃப் மோடில் போய் அந்த ஒரே ஒரு ஃபைலை நீக்கினால் போதும் என்று காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். காரணம் தெரிந்தால் ஒரு ஃபைல். தெரியாவிட்டால் மொத்த டிஸ்க்கும் காலி.

அண்ணாச்சியின் பக்கம்

இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைக்கார அண்ணாச்சியை மட்டும் திட்டினால் அது நியாயம் ஆகாது. நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன். முழுக்கப் படித்தார். பிறகு சொன்னார்: "தம்பி, நீ 21 நாள் எழுதியிருக்கே. நான் ஒரு பெட்டிக்கு 21 நிமிஷம் ஒதுக்குனா கடையைச் சாத்த வேண்டியதுதான். ஃபார்மட்னா 500 ரூபா குடுப்பாங்க. யோசிச்சதுக்கு 500 ரூபான்னு சொன்னா நீயே குடுப்பியா?"

என்னிடம் பதில் இல்லை. உண்மைதான், பொருளுக்குக் காசு கொடுக்கிறோம், யோசனைக்குக் கொடுப்பதில்லை. ஆகவே குற்றம் அவருடையது மட்டும் அல்ல. ஆனால் 21 நாள் எழுதுகிற வேலையை அண்ணாச்சி செய்ய முடியாது. வீட்டில் இருக்கிற நாம் செய்யலாம் அல்லவா? கடைக்குப் போகும்போது பெட்டியோடு ஒரு பக்கக் குறிப்பும் கொண்டு போனால் அவருக்கும் நேரம் மிச்சம், நமக்கும் காசு மிச்சம்.

ஃபார்மட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. வைரஸ் புகுந்து ஊறிப்போன கம்ப்யூட்டருக்கும், விண்டோஸே சிதைந்துபோன கம்ப்யூட்டருக்கும் அதுதான் மருந்து. ஆனால் அது கடைசி மருந்து. வேண்டியதை நகல் எடுத்து வைத்த பிறகு, மற்றதெல்லாம் பார்த்த பிறகு. இப்போது இன்னொரு பேச்சும் கிளம்பியிருக்கிறது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, அதனால்தான் பழைய கம்ப்யூட்டரெல்லாம் ஹேங் ஆகிறது என்கிறார்கள். ஆதரவு முடிந்தால் பாதுகாப்புப் புதுப்பிப்புதான் நின்று போகும். அது கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் தளர்ந்த கேபிளுக்கும் வறண்ட கெபாசிட்டருக்கும் அந்தத் தேதி தெரியாது!

நம் ரெக்கார்டு நோட்டு

கடைசியாக நம்மைப் பற்றி. நம்மிடமும் நோட்டு இருக்கிறது. அட்டை போட்ட, ஹெச்.ஓ.டி. கையெழுத்துப் போட்ட ரெக்கார்டு நோட்டு! அதில் ஒரு பழுதாவது எழுதியிருக்கிறோமா? எல்லாச் சோதனையும் ‘வெற்றிகரமாக முடிந்தது’. எல்லா அளவும் கச்சிதம். ஏன் என்றால் அது போன வருஷத்து சீனியரின் ரெக்கார்டு. அவருக்கு அதற்கு முந்தின வருஷத்து சீனியர். சர்க்யூட் வேலை செய்யாத அன்றைக்கு என்ன செய்தோம்? பக்கத்து டேபிள் ரீடிங்கை எழுதினோம். நானும் எழுதியிருக்கிறேன், மறைக்கவில்லை. அன்றைக்கு ஏன் வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தால் இந்த மூன்று வருஷத்தில் நமக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்! குழுத் தலைவி அத்தையின் நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது எல்லாம் நடந்தது. 14 குடும்பத்தின் கணக்கைக் காப்பாற்றியது அந்த நோட்டு. நம் ரெக்கார்டு நோட்டு யாரைக் காப்பாற்றும்?

ஆகவே நம் பேரவைக்கு இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன்.

ஒன்று, ஒவ்வொரு லேபிலும் ஒரு ‘பழுது நோட்டு’ வேண்டும். என்ன கெட்டது, எப்படித் தெரிந்தது, எதையெல்லாம் விலக்கினோம், கடைசியில் காரணம் என்ன என்று எழுத வேண்டும். மார்க் வேண்டாம். கையெழுத்து அழகாக இருக்கவும் வேண்டாம். பொய் மட்டும் இருக்கக் கூடாது.

இரண்டு, மாதம் ஒரு சனிக்கிழமை நம் ஹார்டுவேர் லேபைச் சுற்றுவட்டாரக் கிராமத்து மக்களுக்குத் திறந்துவிட நிர்வாகத்திடம் பேச வேண்டும். வீட்டில் கிடக்கிற பழைய கம்ப்யூட்டரையும், 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டத்தில் அக்காமார், அண்ணன்மார் வாங்கிய அரசு லேப்டாப்பையும் கொண்டு வரட்டும். சார்மார் பக்கத்தில் நிற்க, நாம் பார்த்துக் கொடுப்போம். ஒரே ஒரு விதி: முதலில் எப்படி நின்றது என்று கேட்டு எழுதாமல் யாரும் ஃபார்மட் போடக் கூடாது!

எங்கள் வீடுகளில் எதற்கும் காரணம் தேடிப் பழக்கமில்லை. ஆடு செத்தாலும் விதி, வெள்ளாமை போனாலும் விதி, கம்ப்யூட்டர் நின்றாலும் கண் திருஷ்டி. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காரணம் தேட அவர்களுக்கு நேரமும் கிடைக்கவில்லை, கருவியும் கிடைக்கவில்லை. நமக்கு இரண்டும் கிடைத்திருக்கிறது. அதற்குத்தானே அவர்கள் கடன் வாங்கி நம்மைப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள்? பழுதுக்குக் காரணம் உண்டு, தேடினால் கிடைக்கும் என்று நம்புவதும், கிடைக்கிற வரை தேடுவதும்தான் நான் இங்கே கற்ற படிப்பு.

இந்தக் கட்டுரையை எங்கள் வீட்டில், அதே கம்ப்யூட்டரில்தான் டைப் செய்கிறேன். மணி ராத்திரி 7.20. அம்மா அடுப்படியிலிருந்து, "ஏய்யா, கிரைண்டர் போடவா? சேவ் பண்ணிட்டியா?" என்று கேட்கிறார். போடுங்கம்மா என்றேன். குழுக் கணக்கும் இதே கம்ப்யூட்டரில் மறுபடி ஏறிவிட்டது. பென் டிரைவில் ஒரு நகல், அத்தையின் நோட்டில் ஒரு நகல்.

கிரைண்டர் ஓடுகிறது. கம்ப்யூட்டரும் ஓடுகிறது.

சிந்திப்போம் நண்பர்களே! ஃபார்மட் போடும் முன்னே ஒரு நோட்டுப் போடுவோம்!